காற்றைப் பூட்டியவர்கள் – 14: கறுத்த திரை

சென்ற வாரம் 1941 ஏப்ரல் 27-ஆம் தேதியில் நின்றோம். ஜெர்மானியப் படை ஏதென்ஸ் நகருக்குள் வந்துகொண்டிருக்கிறது. வானொலி அறிவிப்பாளர் கோஸ்தாஸ் ஸ்தாவ்ரோபூலோஸ், தான் வேலை பார்க்கும் நிலையத்தைப் பற்றியே நேயர்களை எச்சரிக்கிறார்: இன்னும் சற்று நேரத்தில் இது கிரேக்கர் நிலையமாக இருக்காது, இனி இதில் வருவதெல்லாம் பொய், கேட்காதீர்கள். தேசிய கீதம் ஒலித்தது. ஒலிபரப்பு முடிந்தது.

அதற்குப் பிறகான வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். போர் முடிந்து நிலையம் கிரேக்கர் கைக்குத் திரும்பியது. 1966-ல் தொலைக்காட்சி வந்தது. 1967 ஏப்ரல் 21 விடியலில் ஆட்சியைப் பிடித்த கர்னல்கள் வானொலியையும் பிடித்தார்கள். வீடுகளில் ரேடியோவைத் திருகியவர்களுக்குக் கேட்டது ராணுவ அணிவகுப்பு இசை. ஏழு வருடம் கழித்து கர்னல்களும் விழுந்தார்கள். 1975-ல் நிறுவனத்துக்குப் புதுப்பெயர் கிடைத்தது. கிரேக்க வானொலி தொலைக்காட்சி என்று பொருள்படும் அந்த நீளப் பெயரின் முதலெழுத்துகளை அங்கே யாரும் தனித்தனியாக உச்சரிப்பதில்லை. 'எர்ட்' என்று ஒரே மூச்சில், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

நாஜிகளோ கர்னல்களோ, அந்த நிலையத்தைப் பிடித்தவர்கள் எல்லோரும் அதைத் தங்களுக்காகப் பேசவைக்கத்தான் பிடித்தார்கள். ஒரேயடியாக அதன் வாயை அடைத்துவிடலாம் என்ற யோசனை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஓர் அரசாங்கத்துக்குத்தான் வந்தது.

✦

மாலை அறிவிப்பு

2013 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. மாலை 6 மணி வாக்கில் அரசின் செய்தித் தொடர்பாளர் சீமோஸ் கெடிகோக்லூ கேமரா முன் வந்தார். எர்ட்டை மூடுகிறோம் என்றார். எப்போது? இன்றிரவு. இன்றைய ஒளிபரப்பு முடிந்ததும்.

அவர் பேசியதை நேரலையாகக் காட்டியவர்களில் எர்ட் ஊழியர்களும் உண்டு. தங்கள் வேலை போன செய்தியைத் தாங்களே ஒளிபரப்பினார்கள்.

கெடிகோக்லூ சொன்ன காரணங்கள் சுருக்கமானவை. எர்ட் ஊதாரித்தனத்தின் உச்சம். மற்றத் தொலைக்காட்சிகளைவிடப் பல மடங்கு ஆட்கள், பல மடங்கு செலவு, பார்ப்பவர்களோ சொற்பம். நாடே வயிற்றைக் கட்டும்போது புனிதப் பசுக்களுக்கு இடமில்லை. 2,656 பேருக்கும் வேலை நீக்கம், இழப்பீடு கிடைக்கும். சில மாதங்களில் இதைவிடச் சிறியதாக, நவீனமாக ஒரு புதிய பொது நிறுவனம் வரும். அதற்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம்.

இவற்றில் எதையும் பாராளுமன்றம் விவாதிக்கவில்லை. அரசு நிறுவனங்களை அமைச்சர்களின் கூட்டு ஆணையாலேயே கலைக்க வழிசெய்யும் அவசரச் சட்டம் ஒன்று முதலில் வந்தது. அதன் கீழ் ஆணை பிறந்தது. ஆணையில் நிதியமைச்சர் யானிஸ் ஸ்டூர்னாராஸும் கெடிகோக்லூவும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆட்சியில் மூன்று கட்சிகள் இருந்தன. பிரதமர் அந்தோனிஸ் சமராஸின் புதிய ஜனநாயகம் தவிர, மற்ற இரண்டும் ஒப்புதல் தரவில்லை.

கூட்டணிக் கட்சிகள் கையெழுத்திட மறுத்த ஓர் ஆணையை ஒரு பிரதமர் ஏன் ஒரே மாலையில் நிறைவேற்றத் துணிந்தார்? இதற்குப் பதில் அந்த வாரத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

✦

ஆட்கணக்கு

கிரேக்கம் அப்போது பொருளாதாரச் சரிவின் ஆறாம் வருடத்தில் இருந்தது. வேலையின்மை 27 சதவீதம். கடன் கொடுத்திருந்த மூவர், அதாவது ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, சர்வதேச நிதியம் ஆகியவை, ஒவ்வொரு தவணைக்கும் முன்பு ஆய்வாளர்களை ஏதென்ஸுக்கு அனுப்பும். இந்த மூவருக்கும் சேர்த்து 'த்ரோய்கா' என்று பெயர்; அதைக் கேட்டாலே கடைத்தெருவில் முகம் சுளிப்பார்கள். அந்த ஆய்வாளர்கள் ஜூன் மாதம் மீண்டும் வந்திருந்தார்கள்.

அவர்கள் கையிலிருந்த பட்டியலில் ஓர் எண் இருந்தது. 2013 முடிவதற்குள் அரசுத் துறையிலிருந்து 4,000 பேர் வெளியேற வேண்டும். 2014 முடிவதற்குள் 15,000 பேர். அரசு ஊழியரை நீக்குவது அந்த நாட்டில் சாதாரணக் காரியம் இல்லை. ஆளுக்கொரு வழக்கு, துறைக்கொரு போராட்டம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். ஒரே நிறுவனத்தைக் கலைத்தால் ஒரே கையெழுத்தில் 2,656 பேர் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

இன்னொன்றும் நடந்திருந்தது. முந்தைய நாள், ஜூன் 10 திங்கட்கிழமை, அரசின் எரிவாயு நிறுவனத்தை விற்கும் முயற்சி தோற்றது. வாங்கும் என்று நம்பியிருந்த ரஷ்யாவின் காஸ்ப்ரோம் விலையே கேட்கவில்லை. தனியார்மயத்தில் பெரிய வெற்றி என்று காட்ட வேண்டிய அரசுக்குக் கன்னத்தில் விழுந்த அறை அது. திங்கள் முழுக்க அந்தத் தோல்விதான் பேச்சு. செவ்வாய் இரவு அதைப் பேச ஆளில்லை.

த்ரோய்காதான் மூடச் சொன்னது என்று பலரும் நம்பினார்கள். மறுநாளே ஐரோப்பிய ஆணையம் கையை உதறியது: எர்ட்டை மூடும்படி நாங்கள் கேட்கவில்லை, ஆனால் தன் பொதுத்துறையை நிர்வகிக்கும் அரசின் உரிமையில் தலையிடவும் மாட்டோம். ஆட்குறைப்பு எண்ணைக் கொடுத்தவர்கள், அந்த எண் எங்கிருந்து நிரப்பப்படுகிறது என்பதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள் என்று இதை வாசிப்பதில் தவறில்லை.

✦

யாரும் விரும்பாத நிலையம்

எர்ட் நிரபராதியும் இல்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நேர்மையாக இருக்காது.

ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் தலைமை மாறும். வந்தவர்கள் தங்கள் ஆட்களைச் செருகுவார்கள். போனவர்களின் ஆட்கள் சம்பளத்தோடு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். 'ஆலோசகர்' என்ற பதவி அங்கே நன்றாகக் காய்த்தது. இன்று ஊதாரித்தனம் என்று முழங்கிய கட்சியும் அதில் பங்கு பெற்றதுதான். 2012 அக்டோபரில், போராட்டக்காரர்களைப் போலீஸ் சித்திரவதை செய்ததாக வந்த செய்தி குறித்துக் காலை நிகழ்ச்சியில் அமைச்சரை விமர்சித்துப் பேசிய இரண்டு தொகுப்பாளர்கள் உடனே நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டார்கள். அரசின் குரல் என்று மக்கள் அதைத் திட்டியதற்குக் காரணம் இருந்தது.

அந்த அரசின் குரலுக்கு எல்லா வீடும் காசு கட்டியது. மாதம் 4.30 யூரோ, மின்கட்டண ரசீதிலேயே ஒரு வரியாக வரும். டிவி வைத்திருக்கிறீர்களா, பார்க்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. விளக்கெரிந்தால் கட்ட வேண்டியதுதான்.

அந்த 4.30 யூரோவில் இன்னொரு கிரேக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகள், நாடெங்கும் வட்டார வானொலிகள், இசைக்குழுக்கள், ஒரு பாடகர் குழு, பல பத்தாண்டு ஒலி ஒளி ஆவணக் காப்பகம். வெளிநாடுகளில் குடியேறிய கிரேக்கர்களுக்கு ஒரு செயற்கைக்கோள் அலைவரிசை. மெல்போர்னில் தாத்தா பாட்டிகள் சமையலறையில் ஓடவிட்டிருப்பது அதைத்தான். தனியார் தொலைக்காட்சிகள் எட்டிப் பார்க்காத எல்லையோரத் தீவுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இவற்றால் பெரிய பார்வையாளர் கூட்டம் சேராது. சேராது என்பதால்தான் தனியார் யாரும் அதைச் செய்வதில்லை.

சமராஸ் இந்தக் கணக்கில் சறுக்கினார் என்பேன். எர்ட்டைப் பிடிக்காதவர்கள் பெரும்பான்மை என்று அவர் நினைத்தது சரி. பிடிக்காத ஒன்றை எடுத்துவிட்டால் மக்கள் கை தட்டுவார்கள் என்று நினைத்ததுதான் பிசகு.

✦

இரவு 11 மணிக்குப் பிறகு

அறிவிப்பு வந்த சில நிமிடங்களில் அகியா பரஸ்கெவி பகுதியில், மெசோகியோன் சாலையில் உள்ள தலைமையகத்தை நோக்கி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஊழியர்களின் குடும்பங்கள். பிறகு தொழிற்சங்கத்தினர். பிறகு யாரென்று தெரியாதவர்கள், எர்ட்டில் ஒருவரையும் அறியாதவர்கள், எர்ட்டை வருடக்கணக்கில் திட்டித் தீர்த்தவர்கள். இரவுக்குள் வாசலும் சாலையும் ஆயிரக்கணக்கான தலைகளால் நிறைந்தன. எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சிஸ் சிப்ராஸ் இதை ஆட்சிக்கவிழ்ப்பு என்றே வர்ணித்தார். 1967-ஐ நினைவில் வைத்திருக்கும் நாட்டில் அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

ஸ்டூடியோவில் யாரும் எழுந்திருக்கவில்லை. செய்தி அலைவரிசை இடைவிடாமல் ஓடியது; தொகுப்பாளர்கள் தங்கள் நிலையத்தின் மரணத்தைப் பற்றித் தங்கள் நிலையத்திலேயே விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரங்களில் பொறியாளர்கள் கைப்பேசியோடு நின்றார்கள். அவர்களுக்கு நேயர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும். ஸ்டூடியோ யார் கையில் இருந்தாலும், நிகழ்ச்சி வீட்டுக்குப் போவது மலையுச்சியில் இருக்கும் ஒளிபரப்புக் கோபுரம் வழியாக. கட்டடத்தைச் சுற்றி எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும், மலையில் ஒரு சுவிட்சுக்குப் பக்கத்தில் நாலு பேர் நின்றால் போதும்.

அப்படித்தான் நடந்தது. கட்டடத்துக்குள் ஒரு போலீஸ்காரர்கூட நுழையவில்லை. கோபுரங்கள் அணைக்கப்பட்டன. இரவு 11 மணி தாண்டிச் சில நிமிடங்களில், பேசிக்கொண்டிருந்தவர்களின் முகம் திரையிலிருந்து போனது.

'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைப் பார்த்து வளர்ந்த நமக்குத் திரை நின்றுபோவது பெரிய விஷயமாகத் தோன்றாது. அந்த அட்டைக்குள் ஒரு வாக்குறுதி இருந்தது, திரும்பி வருவோம் என்று. ஏதென்ஸில் அன்றிரவு அட்டை இல்லை, கோடுகள் இல்லை, மன்னிப்பு இல்லை. ரிமோட்டை அமுக்கியவர்களுக்கு அடுத்தடுத்த எண்களில் கறுப்பு. வட்டார வானொலிகளிலும் இரைச்சல். இணையதளமும் போனது. மெல்போர்ன் சமையலறையிலும் அதே கறுப்பு.

ஸ்டூடியோவில் இருந்தவர்கள் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு வீட்டுத் திரைக்கு உத்தரவாதம் இல்லை, ஒளிபரப்புக்கு அந்தக் கேமராவின் படம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டும்தான்.

✦

கம்பி இல்லாத ஒளிபரப்பு

அந்த இரவிலேயே ஒரு விசித்திரம் தொடங்கியது. அணைக்கப்பட்ட எர்ட் வேறு வழிகளில் கசியத் தொடங்கியது. இணையத்தில் யார் யாரோ தங்கள் தளங்களில் அதன் நேரலையை ஏற்றினார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் சொந்தத் தொலைக்காட்சி தன் அலைவரிசையை அதற்குக் கொடுத்தது. எர்ட்டைக் கடுமையாக விமர்சித்து வந்த கட்சி அது.

அடுத்து ஜெனீவாவிலிருந்து கை நீண்டது. ஐரோப்பியப் பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் எர்ட்டின் நேரலையைத் தன் இணையதளத்திலேயே ஓடவிட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒலிபரப்பு நிறுவனத் தலைவர்கள், முடிவைத் திரும்பப் பெறும்படி சமராஸுக்கு எழுதினார்கள். ஒன்றியத்தின் தலைவர் ழான்-போல் ஃபிலிப்போ நேரில் ஏதென்ஸுக்கே வந்தார். முந்தைய வாரம்வரை சொற்பப் பேர் பார்த்த ஒரு நிலையத்தை ஐரோப்பா முழுவதும் பார்க்க ஆரம்பித்தது. எர்ட்டின் விளம்பரத் துறை எத்தனை காலம் முயன்றாலும் இது கைகூடியிருக்காது.

ஜூன் 13-ஆம் தேதி இரண்டு பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் 24 மணி நேரப் பொது வேலைநிறுத்தம் நடத்தின. தனியார் தொலைக்காட்சிச் செய்தியாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். அதனால் அந்த வாரத்தில் நாட்டில் செய்தி கேட்க வேண்டுமென்றால், மூடப்பட்ட நிலையத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

தலைமையக வளாகம் திருவிழா மைதானம்போல மாறியது. மேடை, ஒலிபெருக்கி, புல்வெளியில் குழந்தைகள், கையில் காபியோடு ஓய்வுபெற்றவர்கள், இரவெல்லாம் பாட்டு. அதே வாரத்தில் எர்ட்டின் தேசிய சிம்பொனி இசைக்குழுவும் பாடகர் குழுவும் கச்சேரி செய்தார்கள். சம்பளம் இல்லை, நிறுவனம் இல்லை, சட்டப்படி அந்த இசைக்குழுவே இல்லை. எல்கரின் 'நிம்ரோட்' மெல்ல எழுந்தபோது வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள். அழுதுகொண்டே வாசித்தார்கள், வில்லைக் கீழே வைத்துக் கண்ணைத் துடைக்க அந்த இசையில் இடைவெளி கிடையாது. அந்தக் காணொளி உலகைச் சுற்றியது.

சமராஸ் அசரவில்லை. பாவம் நிறைந்த எர்ட்டை மூடினேன், இனி ஒரு நல்ல பொது ஒலிபரப்பு வரும் என்ற பேச்சையே திரும்பத் திரும்பப் பேசினார். தன் பலம் எத்தனை என்று த்ரோய்காவுக்குக் காட்டவே மூடினார் என்பது ஒரு வாதம். அப்படியானால் கூட்டணியில் தன் பலம் எத்தனை என்பதை அவரே இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

✦

இரண்டு பக்கமும் ஜெயித்த தீர்ப்பு

ஊழியர் சங்கம் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் 17 திங்கட்கிழமை இடைக்கால உத்தரவு வந்தது. அதே மாலையில் கூட்டணித் தலைவர்கள் மூவரும் பிரதமர் மாளிகையில் உட்கார்ந்திருந்தார்கள்: சமராஸ், சோஷலிஸ்ட் கட்சியான பாசோக்கின் எவாங்கெலோஸ் வெனிசெலோஸ், ஜனநாயக இடதுசாரிக் கட்சியின் ஃபோட்டிஸ் கூவெலிஸ்.

உத்தரவில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒளிபரப்பை நிறுத்தியதும் அலைவரிசைகளை முடக்கியதும் நிறுத்திவைக்கப்படுகின்றன; புதிய நிறுவனம் வரும்வரை நாட்டில் பொது ஒளிபரப்பு தொடர வேண்டும். ஆனால் எர்ட் என்ற நிறுவனத்தைக் கலைத்ததை நீதிமன்றம் தடுக்கவில்லை.

வளாகத்தில் கூடியிருந்தவர்கள் முதல் பகுதியைக் கேட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அரசு இரண்டாம் பகுதியைப் படித்து, பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதுதான் என்றது. இருவரும் ஜெயித்தார்கள். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

ஏனென்றால் உத்தரவு ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தது. ஒளிபரப்பு தொடர வேண்டும், சரி. யார் ஒளிபரப்புவது? பழைய எர்ட்டின் ஆட்களா, அரசு புதிதாகப் பொறுக்கும் சிலரா? வெனிசெலோஸும் கூவெலிஸும் பழையவர்கள் எல்லோரும் திரும்ப வேண்டும், சீர்திருத்தம் பிறகு என்றார்கள். சமராஸ் மறுத்தார். மூன்று நாள் பேச்சில் அவர் இறங்கி வந்தது, சுமார் 2,000 பேரைச் சில மாத ஒப்பந்தத்தில் எடுக்கலாம் என்பதுவரை. வெனிசெலோஸ் அரைமனதாகத் தலையசைத்தார். கூவெலிஸ் எழுந்துவிட்டார்.

ஜூன் 21-ஆம் தேதி ஜனநாயக இடதுசாரி அமைச்சர்கள் வெளியேறினார்கள். கூட்டணி அமைந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 300 பேர் பாராளுமன்றத்தில் சமராஸிடம் மிஞ்சியது 153. ஒரு சுவிட்சை அணைத்ததில் மூன்றில் ஒரு கட்சி போயிற்று. மூன்று பேர் மனம் மாறினால் ஆட்சியே போகும் நிலை.

✦

ஒரு நாடு, இரண்டு திரை

சில நாளில் அமைச்சரவை மாறியது. வெனிசெலோஸ் துணைப் பிரதமரானார். எர்ட் விவகாரத்தைக் கவனிக்க, பத்திரிகையாளராக இருந்த பாண்டெலிஸ் காப்ஸிஸ் துணை அமைச்சரானார். ஜூலையில் திரை மீண்டும் ஒளிர்ந்தது. 'பொதுத் தொலைக்காட்சி' என்று பெயர். செய்தி இல்லை, தொகுப்பாளர் இல்லை. பழைய கிரேக்கப் படங்கள் ஓடின.

இப்படி அந்த வேனிற்காலத்தில் கிரேக்கத்துக்கு இரண்டு பொதுத் தொலைக்காட்சிகள் வாய்த்தன. ஒன்றிடம் சட்டமும் அலைவரிசையும் இருந்தன. சொல்ல எதுவும் இல்லை. இன்னொன்றிடம் ஸ்டூடியோக்களும் கேமராக்களும் காப்பகமும் இருந்தன, சொல்ல ஏராளம் இருந்தது. சட்டப்படி அது இல்லவே இல்லை. மெசோகியோன் சாலைக் கட்டடத்திலும் வடக்கே தெசலோனிகியிலும் ஊழியர்கள் சம்பளமின்றி முறைபோட்டு வேலைக்கு வந்தார்கள். சிலர் அரசின் ஒப்பந்தத்தை ஏற்று அந்தப் பக்கம் போனார்கள். நேற்றுவரை ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் ஒருவரை ஒருவர் துரோகி என்றார்கள். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. போலீஸ் வரும் வரும் என்று ஒவ்வொரு இரவும் விழித்திருந்து, வராத காலையில் தூங்கப் போனார்கள்.

நவம்பர் 7-ஆம் தேதி, விடிவதற்கு வெகு நேரம் முன்பு, வாசலில் கலவரத் தடுப்புப் போலீஸின் பேருந்துகள் வந்து நின்றன. உள்ளே ஆட்கள் அதிகமில்லை. ஒரு வானொலி ஸ்டூடியோவில் மட்டும் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. மைக்கின் முன் ஓர் அறிவிப்பாளர் இருந்தார். மாடிப்படிகளில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

எழுபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஸ்தாவ்ரோபூலோஸுக்குத் தன் நேயர்களிடம் கடைசியாக ஒன்று சொல்ல நேரம் கிடைத்தது. இவருக்குக் கிடைத்ததா?

(தொடரும்)